வழி தவறாத காடோடி

பகடை உருட்டிக் கதையாக ஆடும் மேசை விளையாட்டுகளைத் தயாரிக்கிற கம்பெனி ஒன்று கோயம்புத்தூரில் இருந்தது. முதலாளி சபாபதிக்குத் தான் சொல்வதெல்லாம் வேதவாக்கு. புதிதாகச் சேர்ந்த ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்.

“நம்ம ஆட்டத்துக்குக் காடோடின்னு ஒரு பாத்திரம் வேணும். அவன் எந்தக் காட்டுலயும் வழி தவறக் கூடாது. ஆனா அவன் இருந்தும் கூட வர்ற கூட்டம் காட்டுல தவிக்கணும், இல்லன்னா ஆட்டம் சப்புன்னு போயிடும். முடியலன்னா வேற வேலை பாத்துக்க.”

“காடோடி சொல்ற வழி எப்பவும் சரியா இருக்கும் சார். ஆனா எதுல போறதுன்னு கூட்டத்துக்குத் தலைவரா வர்ற ராஜாதான் முடிவு பண்ணுவார்.”

சபாபதி விழுந்து விழுந்து சிரித்தார். “வழி தெரிஞ்சவன் சொல்றத எந்த மடையன் கேக்காம இருப்பான்?”

“ஆடிப் பாத்துடலாம் சார். நீங்கதான் ராஜா.”

மறுநாள் ஆட்டத்தை நடத்தியவர் கணக்காளர் பிச்சையா. அவர் சொன்ன காட்டில் பாதை இரண்டாகப் பிரிந்தது.

“சேத்து வழிதான் ஊருக்குப் போகுது ராஜா,” என்றாள் காடோடியாக ஆடிய ஜெசிந்தா. “அகலமா இருக்கறது யானை தண்ணிக்குப் போற தடம்.”

“ராஜா சேத்துல நடப்பானா? அகலமான வழியிலயே போ!”

யானைகள் துரத்தின. தப்பி ஓடிவந்தால் மறுபடியும் அதே பிரிவு. ஜெசிந்தாவும் மறுபடி அதையே சொன்னாள்.

“ராஜா சொன்ன சொல் மாறமாட்டான்!” என்று அதே பக்கம் கை காட்டினார் சபாபதி.

பிச்சையா பகடையை உருட்டிப் பார்த்தார். “ராஜா காலி சார்.”

“என்னம்மா காடோடி இவன்? ராஜாவையே கொன்னுட்டான்!”

ஜெசிந்தா பகடையைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள்.

“சார், நேத்து ‘எந்த மடையன்’னு கேட்டீங்களே, அதுக்கு இன்னும் பதில் வேணுமா?”