கோமதிக்கு அடுத்த இடம்

சத்தியமாகச் சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் நாளைக் காலை என் காபியில் சர்க்கரை கரையாமல் அடியிலேயே உட்கார்ந்திருக்கட்டும்.

ஏற்காட்டில் ஏரிக்கரையை ஒட்டி எத்திராஜ் என்பவர் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். மனைவி கோமதி இறந்ததிலிருந்து கடையின் ஷட்டர் ஏறவில்லை. உள்ளே ஒரே ஒரு பழைய மிஷின் மட்டும் ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தது.

கோமதி கடைசியாக ஆடிய மிஷின் அது. அன்றைக்கு மழை, கடைக்கு ஓர் ஆளும் வரவில்லை. சும்மா இருப்பானேன் என்று அவள் மிஷினைப் போட்டு ஆடினாள், முதல் இடம் பிடித்தாள், தன் பெயரின் முதல் மூன்று இங்கிலீஷ் எழுத்தைப் பதித்தாள். அந்தப் பட்டியல் கரண்ட் இருக்கும் வரைதான் நிற்கும். சுவிட்சை அணைத்தால் அழிந்துவிடும்.

எத்திராஜ் அணைக்கவே இல்லை. கரண்ட் போனால் தாங்க ஓர் இன்வெர்ட்டர் வாங்கினார். அது போனால் தாங்க இன்னோர் இன்வெர்ட்டர். இரண்டும் போனால் என்னாவது என்று ஒரு லாரி பேட்டரி. இடி விழுந்து ஊரே இருண்ட ஒரு சாயங்காலம், அந்த ஷட்டர் இடுக்கில் மட்டும் வெளிச்சம் தெரிய, ஏரியில் கட்டிப்போட்டிருந்த படகுகள் தாமாக அவிழ்ந்து அங்கே வந்து நின்றனவாம். படகுகளையே கேட்டுப் பாருங்கள்.

பிறகு ஒரு நாள் திரை கறுத்துப்போனது. சத்தம் மட்டும் வந்தது. எத்திராஜ் இருட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வந்த மெக்கானிக் முதல் வேலையாக மெயின் சுவிட்சுக்குக் கையை நீட்டினார். எத்திராஜ் அவரைக் குடையால் விரட்டினார். அடுத்து வந்தவருக்கும் அதே குடைதான். இனி தானே கற்றுக்கொண்டால்தான் உண்டு என்று மலையிறங்கி, சேலத்தில் டிவி பழுது பார்க்கும் பிலோமினாவிடம் போனார். செத்த டிவி அந்தம்மா கடைப் படியிலேயே செய்தி வாசிக்கத் தொடங்கிவிடும் என்று பேச்சு. குருவுக்கு வயது நாற்பது. சீடர் அறுபதைத் தாண்டியவர்.

"மிஷினை அணைக்காம திரையைச் சரி பண்ணணும் டீச்சர்."

"ஏன் அணைக்கக் கூடாது?"

சொன்னார். பிலோமினா மறுநாள் பஸ் ஏறி வந்து, பின்வாசல் வழியாகக் கடைக்குள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் கை வைக்க மாட்டேன். நீங்களே பண்ணுங்கண்ணா. திரைக்குத் தனி வயர், கேம் போர்டுக்குத் தனி வயர். திரையோடதை மட்டும் பிடுங்குங்க."

"பேர் போயிடாதே?"

"பேர் போர்டுல இருக்கு. திரை அதைக் காட்டுது, அவ்வளவுதான்."

பிடுங்கினார். காதைக் கொடுத்துக் கேட்டார். மிஷின் தன் பாட்டை விடவில்லை. அவருக்கு மூச்சு வந்தது.

குரு சொல்லச் சொல்ல, திரையின் டியூப்பில் தங்கியிருந்த கரண்டை இறக்கினார். எரிந்த ஃப்யூஸுக்குப் பதிலாக ஒரு பல்பை மாட்டினார். வயரைச் செருகியதும் பல்பு பளீரென்று எரிந்தது.

"உள்ள எங்கேயோ ஷார்ட்டு. பவர் சப்ளையா, அதுக்கு அப்புறம் இருக்கறதான்னு பாருங்க."

எத்திராஜ் மறுபடி வயரைப் பிடுங்கி, சப்ளைக்குப் பின்னால் இருந்த எல்லாவற்றையும் கழற்றி வைத்தார். மீண்டும் செருகினார். பல்பு மங்கியது. ஆனால் சப்ளையில் வைத்த மீட்டரில் எண் ஏறியது, விழுந்தது, மறுபடி ஏறியது.

"சப்ளைதான் போச்சு டீச்சர். நிக்கவே மாட்டேங்குது."

"அதுல என்ன மாட்டியிருக்கு?"

"ஒண்ணுமில்ல. எல்லாத்தையும் கழட்டிட்டேன்."

"கரண்டை வாங்கிக்க ஆளே இல்லாம அளந்தா அது தாவத்தான் செய்யும். அந்த முனையில இன்னொரு பல்பைப் போடுங்க."

போட்டார். எண் ஓர் இடத்தில் நின்றது.

எத்திராஜ் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சப்ளை நல்லாத்தான் இருக்கு, ஷார்ட்டு அதுக்கு அப்புறம்தான்" என்றார் பிலோமினா. "கடைக்கு யாரும் வர்றதில்லையா?"

"நான் விடறதில்ல. எவனாவது நல்லா ஆடி அவ பேரைக் கீழ தள்ளிட்டான்னா?"

குரு பையிலிருந்து ஒரு டிரான்சிஸ்டரை எடுத்து நீட்டினார். கழற்றி வைத்ததில் இருந்த பழையதைச் சோதித்தால் அதில்தான் ஷார்ட்டு. மாற்றிப் பற்றவைத்து, கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டி, புது ஃப்யூஸ் போட்டு வயரைச் செருகினார் எத்திராஜ்.

திரை மெல்ல வெளுத்தது. பட்டியல் வந்தது.

முதல் இடத்தில் கே, ஓ, எம்.

எத்திராஜ் துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"இருக்கா."

"இருக்காங்கண்ணா."

"இனிமே ஒருத்தனையும் கிட்ட விடமாட்டேன்."

"கீழ ஏ ஏ ஏ, பி பி பின்னு இருக்கே, அதெல்லாம் யாரு?"

"யாருமில்ல. கம்பெனியில சும்மா நிரப்பி அனுப்பின எழுத்து."

"அப்போ இந்தப் பட்டியல்ல ஆளுன்னு இருக்கறது அவங்க மட்டுந்தானா?"

துண்டு நின்றது.

வெளியே ஏரியில் யாரோ படகு ஓட்டத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஆட வராது டீச்சர். அவளை நான் ஒரு நாளும் ஜெயிச்சதில்ல."

பிலோமினா எழுந்து போய் ஷட்டரைத் தூக்கிவிட்டார். திரும்பி வந்து ஸ்டூலை மிஷினுக்கு முன்னால் நகர்த்திப் போட்டார்.

"ஜெயிக்க யார் சொன்னா? ரெண்டாவது இடம் காலியாத்தானே இருக்கு."

இதை நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். எத்திராஜிடம் அந்தக் குடை இன்னும் இருக்கிறது.