பாதி ஆட்டம் பார்த்த ஓணான்

கோரைக்குளத்தங்கரையில் ஓர் இலுப்பை மரம். அதன் நடுமரத்தில் ஒரு பொந்து. பொந்துக்குச் சற்று மேலே ஒரு கிளை. அந்தக் கிளையில் ஓர் ஓணான் இருந்தான்.

சும்மா இருந்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காட்டிலேயே பெரிய ரசிகன் அவன்தான்!

எதற்கு ரசிகன்? பொந்துப்பந்துக்கு! இலவம்பஞ்சை உருட்டிக் கொடியால் இறுக்கிச் சுற்றினால் அதுதான் பந்து. மைதானத்தின் இந்தக் கோடியில் இலுப்பைப் பொந்து. அந்தக் கோடியில் மருதமரப் பொந்து. கோரைக்குளம் கல்லூரி அணி இலுப்பையில் போடவேண்டும். எதிரணி மருதத்தில் போடவேண்டும். பக்கத்துக்கு ஐந்து பேர். அவ்வளவுதான் ஆட்டம்.

ஓணானுக்குக் கோரைக்குளம் அணி என்றால் உயிர். ஜெயித்த அன்று இரண்டு மடங்கு பூச்சி தின்பான். தோற்ற அன்று பட்டினி கிடப்பான். அவன் பிறந்ததிலிருந்து மூங்கில் கோப்பை ஒருமுறைகூடக் கோரைக்குளத்துக்கு வரவில்லை. இந்த வருஷமாவது வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தான்.

"காட்டிலேயே நல்ல இடம் என்னோடதுதான்! பந்து என் மூக்குக்கு நேரா விழுது!" என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொள்வான்.

பொந்து நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் கிளைக்குக் கீழே இலை மண்டிக் கிடந்தது. எம்பிக் குதித்துப் பந்தைப் போடுகிறவனின் முகம் தெரியும். கீழே மைதானம் தெரியாது. அதற்காக ஓணான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. பந்து விழுவதைப் பார்த்தால் போதாதா என்று இருந்துவிட்டான்.

அணியில் குரங்கு, அணில், முயல், காட்டுப்பூனை, கீரி என்று ஐந்து பேர். கீரிக்கு மட்டும் யாரும் இல்லை. போன ஐப்பசி வெள்ளத்தில் அம்மாவும் போனாள், வளையும் போனது. நன்றாக ஓடுகிறாளே என்று கல்லூரித் தலைவி கரடியம்மா அவளைச் சேர்த்துக்கொண்டாள். அணியில் இருக்கும்வரை கல்லூரி மேட்டில் ஒரு வளை, இரண்டு வேளைச் சாப்பாடு. அணியை விட்டு எடுத்தால் இரண்டும் இல்லை. இது காட்டில் எல்லாருக்கும் தெரியும். ஓணானுக்கும் தெரியும்.

மரத்தடியைக் கடக்கும்போதெல்லாம் கீரி நின்று குரல் கொடுப்பாள். "அண்ணே! சௌக்கியமா?"

ஓணான் தலையை ஆட்டுவான். ஓணான்தானே, ஆட்டாமல் எப்படி இருப்பான்!

வருஷத்துக்குப் பத்து ஆட்டம். ஆறு முடிந்ததும் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஆட்டம்கூட விடாமல் பார்த்தவர் குளக்கரைப் பாறைமேல் ஏறி, அணி இதுவரை எப்படி ஆடியது, இனி யார் இருக்கவேண்டும், யார் போகவேண்டும் என்று எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும். அதைக் கேட்டுத்தான் கரடியம்மா அணியை மாற்றுவாள்.

அந்த வருஷம் ஆறில் நான்கு வெற்றி, இரண்டு தோல்வி. பாறையில் ஏறும் பெருமை ஓணானுக்குக் கிடைத்தது. அடேயப்பா, அன்று அவன் நடையைப் பார்க்கவேண்டுமே! கழுத்தைச் சிவக்க வைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏறினான்.

"கேட்டுக்கோங்க! குரங்கு முப்பது பந்து போட்டிருக்கான். சபாஷ்! அணில் இருபத்திரண்டு. அவனும் கெட்டிக்காரன்தான்! பூனை, முயல் ஏதோ பரவாயில்லை. ஆனா கீரி? ஆறு ஆட்டம் ஆடி ஒரு பந்துகூடப் போடலை! அவ முகத்தை நான் பொந்துகிட்டப் பார்த்ததே இல்லை! ரெண்டு ஆட்டம் தோத்தோமே, ஏன் தோத்தோம்? ஐந்து பேர் ஆட வேண்டிய இடத்தில நாலு பேர்தான் ஆடுறாங்க!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. முயல் மட்டும் முன்னால் வந்தது.

"அண்ணே, அப்படிச் சொல்லாதீங்க. கீரி என்ன செய்றாள்னா..."

"நீ சும்மா இரு! ஓர் ஆட்டம் விடாம பார்த்தவன் நீயா, நானா?"

முயல் பின்வாங்கியது.

கரடியம்மா யோசித்தாள். "நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா. அந்தப் பொண்ணுக்குப் போக்கிடம் கிடையாது."

ஓணானுக்கும் மனதில் லேசாக உறுத்தத்தான் செய்தது. கோப்பையை நினைத்தான். உறுத்தல் போய்விட்டது.

"என் ரெண்டு கண்ணால பார்த்தேன் தாயே! கீரியை எடுத்துட்டு உடும்பைப் போடுங்க. உயரமானவன். நின்ன இடத்திலேயே போட்டுருவான்!"

உடும்பு ஓணானுக்குத் தூரத்துச் சொந்தம் என்று அணில் முணுமுணுத்தது. அது யார் காதிலும் விழவில்லை.

கீரி கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் தூக்கி வைத்திருந்தாள். நிற்கிற அழகைப் பார் என்று ஓணான் நினைத்துக்கொண்டான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். மறுநாள் விடிந்தபோது கல்லூரி மேட்டு வளையில் உடும்பு படுத்திருந்தான்.

ஏழாவது ஆட்டம் தோல்வி. எட்டாவது ஆட்டம் படுதோல்வி.

"காத்து எதிர்க்காத்து!" என்றான் ஓணான். "நடுவரா இருந்த நாரை கண்ணு தெரியாத கிழம்!" என்றான். உடும்பு சாப்பிட்டுவிட்டு ஆடுகிறான், அதுதான் வினை என்றான். சொல்லச் சொல்ல அவன் குரல் அவனுக்கே பிடிக்கவில்லை. குரங்கும் அணிலும் பொந்தருகே வருவதே குறைந்துபோனது. ஏன் வரவில்லை? அதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

பங்குனி பிறந்தது. காற்று வீசியது. இலுப்பை தன் இலையை எல்லாம் உதிர்த்தது.

ஒன்பதாவது ஆட்டத்தன்று ஓணான் வழக்கம்போலக் கிளையில் உட்கார்ந்து கீழே பார்த்தான். அம்மாடி! முழு மைதானமும் தெரிந்தது. மருதமரத்தடிவரை தெரிந்தது!

அங்கே எதிரணிக் காட்டுப்பன்றி பந்தை மருதப் பொந்துக்கு உருட்டிக்கொண்டு போனது. தடுக்க ஆள் இல்லை. குரங்கு இங்கே மரத்தடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றது. அணில் நின்றது. உடும்பு நின்றான். எல்லாரும் பந்துக்காகக் காத்து நின்றார்கள். அவ்வளவு தூரம் போய்ப் பந்தைப் பறித்துக்கொண்டு வர ஒருவரும் இல்லை.

"முன்னால யார்டா பந்தைக் கொண்டாந்து கொடுத்தது?" என்று கிளையிலிருந்து கத்தினான் ஓணான்.

குரங்கு நிமிர்ந்து பார்த்தது. அதன் கண் கலங்கியிருந்தது. "கீரிதான் அண்ணே! நான் போட்ட முப்பதும் அவ கொண்டாந்து கொடுத்தது. பன்றிக் காலுக்கு நடுவுல புகுந்து பறிச்சுட்டு வருவா. நாலாவது ஆட்டத்தில மிதிபட்டா. யார்கிட்டயும் சொல்லாதேன்னா. சொன்னா இடம் போயிடும்னு பயந்தா."

"அன்னைக்குப் பாறையில ஏன்டா சொல்லலை?"

"நீங்க என்னைப் புகழ்ந்தீங்களே அண்ணே... கேட்க நல்லா இருந்துச்சு."

ஓணான் ஆட்டம் முடியுமுன்னே இறங்கினான். நேராகக் கரடியம்மாவிடம் ஓடினான்.

"தாயே, தப்புப் பண்ணிட்டேன்! அவளைத் திரும்பக் கூப்பிடுங்க!"

"நீ பாறையில சொன்னதைப் பாறையிலதான் மாத்தணும். கடைசி ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் கூடினதும் ஏறிச் சொல்லு. அவ வரட்டும். வளை அவளுக்குத்தான்."

ஓணான் அவளைத் தேடிப் புறப்பட்டான். ஓணான் கால் எவ்வளவு தூரம் தாங்கும்? ஓடையைத் தாண்டி, முள்ளுக்காட்டைத் தாண்டி, பாழடைந்த ஒரு கறையான் புற்றில் அவளைக் கண்டுபிடிக்க ஒரு பகல் முழுவதும் ஆனது.

பாவம், எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். முன்னங்கால் வீங்கிக் கறுத்திருந்தது. அந்தக் காலோடு என்ன வேட்டையாட முடியும்?

ஆனாலும் அவனைப் பார்த்ததும் எழ முயன்றாள். "அண்ணே! சௌக்கியமா? நம்ம பசங்க எப்படி ஆடுறாங்க?"

ஓணான் வழியில் பிடித்து வந்த நாலு வெட்டுக்கிளிகளை அவள் முன்னால் வைத்தான்.

"காலு இப்படி இருக்கும்போது ஏன் ஆடினே தங்கச்சி?"

"இடத்துக்காகத்தான் அண்ணே ஆரம்பத்தில. அப்புறம்..." அவள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். "பந்தை மரத்தடியில கொண்டாந்து கொடுத்துட்டு நிமிர்ந்து பார்ப்பேன். இலைக்கு நடுவுல உங்க சிவந்த தலை ஆடுறது தெரியும். நான் செய்றதை யாரும் பார்க்கலைன்னாலும் அண்ணன் பார்த்துத் தலையாட்டுறாருன்னு நினைச்சுக்குவேன். வலி தெரியாது."

ஆட்டத்தில் அவள் பக்கம் தான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பதை ஓணான் எந்த வாயால் சொல்வான்?

"அன்னைக்குப் பாறையில நீங்க அப்படிச் சொன்னப்பதான் விளங்கலை. அப்போ நீங்க என்னைப் பார்க்கலையா அண்ணே?"

"பார்க்கலைம்மா," என்றான் ஓணான். அழுதுவிட்டான். "இலை மறைச்சது. விலக்கிப் பார்க்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. என்கூட வா. குரங்கை வரச் சொல்றேன், தூக்கிட்டுப் போவான்."

"வேண்டாம் அண்ணே. தூக்கிட்டுப் போனா எல்லாரும் ஐயோ பாவம்னு பார்ப்பாங்க. வீக்கம் வத்தட்டும், நடந்தே வர்றேன். நீங்க போய்க் கடைசி ஆட்டத்தைப் பாருங்க. முழுசாப் பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க."

ஓணான் அரைமனதோடு திரும்பினான்.

மூன்றாம் நாள் கடைசி ஆட்டம். ஓணான் கிளையில் ஏறவில்லை. மைதானத்து ஓரத்தில், புழுதியில் உட்கார்ந்து பார்த்தான். யார் ஓடினார்கள், யார் விழுந்தார்கள், யார் யாருக்குக் கொடுத்தார்கள், எல்லாவற்றையும் பார்த்தான். அன்றும் தோல்விதான். கோப்பை மலையடிவாரத்து அணிக்குப் போனது. அதற்காக அவன் கலங்கவில்லை. ஆட்டம் முடிந்த கையோடு பாறையில் ஏறினான்.

"நான் சொன்னது பொய்! ஆறு ஆட்டத்தையும் பொந்தை மட்டும் பார்த்துட்டு உங்ககிட்ட வாய் கிழியப் பேசினேன். நாலு ஆட்டம் ஜெயிச்சது கீரியால! அவ இடத்தை அவகிட்டக் கொடுங்க!"

கூட்டம் தலைகுனிந்தது. உடும்பு தானாகவே வளையைக் காலி செய்தான். முயல் உள்ளே புதுக் கோரைப்புல் பரப்பியது. கரடியம்மா ஒரு தொன்னை நிறையத் தேன் கொடுத்து, குரங்கையும் உடன் அனுப்பினாள்.

"தங்கச்சி! தங்கச்சி! வளை உனக்குத்தான்! எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்!" என்று புற்றுக்குத் தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு ஓடினான் ஓணான்.

உள்ளே எட்டிப் பார்த்தான்.

கீரி சுருண்டு கிடந்தாள். அவன் தொட்டுப் பார்த்தான். உடம்பு சில்லிட்டிருந்தது. அவன் வைத்துவிட்டுப் போன வெட்டுக்கிளிகளில் இரண்டு அப்படியே இருந்தன.

குரங்கு தொன்னையைக் கீழே வைத்துவிட்டுக் கதறியது. ஓணான் புற்று வாசலில் உட்கார்ந்தான். முழுசாப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க என்று கேட்டிருந்தாளே! அதனால் சொன்னான். கடைசி ஆட்டத்தை முதலிலிருந்து சொன்னான். முயல் ஓடியதைச் சொன்னான். பூனை தடுக்கி விழுந்ததைச் சொன்னான். மைதானத்து நடுவில் ஓர் இடம் காலியாகக் கிடந்ததையும் சொன்னான். சொல்லி முடிக்கும்வரை அவன் தலை ஆடிக்கொண்டே இருந்தது.

தன் இடத்திலிருந்து தெரிந்ததை மட்டும் வைத்து இன்னொருவரை எடைபோட்டுவிட்டால், தப்பு தெரியவரும்போது திருத்திக்கொள்ள நேரம் இல்லாமல் போகலாம்.