ஆறாவது சாவு

“‘அந்த ரோலை பிலோமினாவுக்குக் கொடுக்கறதுக்குப் பதிலா வேதவல்லியைச் சாகடிச்சிடுங்க. சுவத்துல என் போட்டோவை மாட்டி மாலையைப் போடுங்க.’ டைரக்டர்கிட்ட இப்படியா சொன்னீங்க?” என்றாள் பிலோமினா.

“ஒரு எழுத்து விடாமச் சொல்றே. செட்டுல மட்டும் உனக்கு வசனம் நிக்காது,” என்றாள் சாருமதி.

மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்தாள். ஆறு வருடம், சாயங்காலம் ஏழு மணி டி.வி. சீரியலில், ஊரில் பாதி வீடுகளை வேதவல்லியாக வந்து மிரட்டியவள். கணையத்தில் கேன்சர். டாக்டர் கொடுத்த நாலு மாதத்தில் ஒன்று போய்விட்டது. சீரியலில் இந்த நோய் வந்தால் இரண்டு இருமல், ஒரு மயக்கம், லிப்ஸ்டிக் கலையாமல் சாவு. இங்கே கட்டிலுக்கடியில் வாளி இருந்தது.

பிலோமினா அவளைவிட ஆறு வயது மூத்தவள். கான்வென்டில் யு.கே.ஜி. டீச்சராக இருந்துவிட்டு, முப்பத்தொன்பது வயதில் நடிக்க வந்தவள். கற்றுக்கொண்டதெல்லாம் சாருமதியிடம்தான், அதனால் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். அதே சீரியலில் வேதவல்லியின் நாத்தனார். ஆறு வருடமாகக் காபி ட்ரேயோடு பின்னால் நிற்கிற நாத்தனார்.

“பாதி சீரியல்ல ஆள் மாத்தறாங்க. ‘அவருக்குப் பதில் இவர்’னு ஒரு கார்டு போட்டா முடிஞ்சுது. டைரக்டர் தானா என் பேரைச் சொன்னார். நீங்க கெடுத்தீங்க.”

“உன் பேரை ஏன் சொன்னார்?”

பிலோமினா ஜன்னலைப் பார்த்தாள்.

“கேட்டேனே.”

“இத்தனை வருஷம் நின்னும் என் முகம் யாருக்கும் பதியலையாம். பெரிய பொட்டா வெச்சா வேற ஆளுன்னு நினைச்சுப்பாங்களாம்.”

“அதைக் கேட்டு உனக்குச் சந்தோஷம்.”

“எனக்கு அம்பத்திமூணு வயசு அக்கா. இனிமே யார் எனக்கு ஒரு வேதவல்லியைத் தரப் போறா?”

சாருமதி கையை நீட்டினாள். “அலமாரியில ஒரு சின்ன ஆல்பம் இருக்கும். எடு.”

ஐந்தே படங்கள். ஐந்திலும் சாருமதி கழுத்தில் சாவு மாலையோடு உட்கார்ந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிணமாக நடித்தவரை ஷாட் முடிந்ததும் எழுப்பி உட்காரவைத்து, சிரிக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும். திருஷ்டி கழிய. ஐந்து சீரியல், ஐந்து சாவு.

“இது எனக்கு இருபத்திநாலு வயசுல. வளசரவாக்கம் பங்களா. ஒரே ஹால்ல நாலு சீரியல் எடுப்பாங்க. திரைச்சீலையை மாத்தினா வேற குடும்பம். மத்தியானம் எல்லாரும் மாடிப்படியில உக்காந்து சாப்பிடுவோம். நாலு மாமியார், ஆறு மருமக, ஒரே ஊறுகாய் பாட்டில். சண்டையெல்லாம் அந்த ஊறுகாய்க்குத்தான் வரும்.” சிரித்தாள், அது வலியில் போய் முடிந்தது. “இடிச்சு ஃப்ளாட் கட்டிட்டாங்க.”

பிலோமினா அடுத்த பக்கம் திருப்பினாள்.

“இதுல என் கன்னத்தைப் பார்.”

“சிவந்திருக்கு.”

“எறும்பு. மாலையிலேர்ந்து இறங்கி வந்து கடிச்சுது. டைரக்டர் அழறவங்களையே பார்த்துக்கிட்டு கட் சொல்ல மறந்துட்டார்.”

“தட்டிவிட்டிருக்கலாமே.”

“அவர் இன்னும் கட் சொல்லலையே.”

பிலோமினாவுக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்த பேச்சு அது. தன் வசனம் முடிந்த மறுகணம் அவள் முகத்தைக் கழற்றி வைத்துவிடுவாள், மணியடித்ததும் பையைத் தூக்குகிற யு.கே.ஜி. பிள்ளை மாதிரி. ‘இன்னும் கட் சொல்லலை பிலோமினா’ என்று நாலு பேர் முன்னால் சாருமதி எத்தனை தரம் மானத்தை வாங்கியிருக்கிறாள்.

“டைரக்டர் யாரைப் பார்த்துக்கிட்டிருந்தார்னு சொன்னேன்?”

“அழறவங்களை.”

“சாவு வீடு எத்தனை எபிசோட் போகும்?”

“இழுத்தா அஞ்சு.”

“அஞ்சு எபிசோடும் கேமரா எதைப் பார்க்கும்? மாலை போட்ட போட்டோவையா?”

பிலோமினா ஆல்பத்தை மூடினாள்.

“காலையில காபியோட நாத்தனார் வரா. அவதான் முதல்ல பார்க்கறா. அப்படித்தான் எழுதணும்னு சொல்லிட்டேன். வியாழக்கிழமை ஷூட்டிங். பிணமா நானே வந்து படுக்கறேன். என்னால இப்ப ஆகக்கூடிய வேஷம் அது ஒண்ணுதான்.”

பிலோமினா கேட்டாள். “எனக்கு அழுகை வராதே அக்கா. கிளிசரின் போட்டாக்கூட ஒரு கண்ணுலதான் வரும். நான் எப்படி அழறது?”

சாருமதி தலையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். ஒரு முடிகூட இல்லை. தலையணைகளைத் தள்ளிவிட்டு மல்லாந்து படுத்தாள்.

“‘அண்ணி, காபி ஆறுது.’ அவ்வளவுதான் வசனம். கட் நீயே சொல்லிக்கோ. ம், ஆக்‌ஷன்.”

கண்ணை மூடினாள்.

பிலோமினா பக்கத்திலிருந்த டம்ளரைக் கையில் எடுத்தாள். பார்லித் தண்ணீர். ஹேண்ட்பேக்கில் கிளிசரின் பாட்டில் இருந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை.

“அண்ணி, காபி ஆறுது.”

வசனம் முடிந்தது. போர்வை அசையவில்லை. ஐந்து தடவை செத்தவள், மூச்சை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரிந்தவள். பிலோமினா முகத்தைக் கழற்றி வைக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னும் கிட்டே குனிந்தாள்.

ஒரு சொட்டு சாருமதியின் கன்னத்தில் விழுந்து, காதுப் பக்கம் மெல்ல இறங்கியது.

“எறும்பு ஊருது,” என்றாள் சாருமதி, கண்ணைத் திறக்காமல். “கட் சொல்லு பிலோமினா.”