செவலைக்குத் தெரிஞ்ச சட்டை

மலையடிவாரத்துல ஒரு மடம். அங்க சாமிக்கு வயசு நாப்பது. சீடர் முத்திருளாண்டிக்கு எழுபது தாண்டிருச்சு. புதுசா வர்றவங்க ஆள் மாறி இவர் கால்ல விழுவாங்க. இவரும் தடுக்கிறதில்ல.

அந்த ஐப்பசி மழையில ஃப்ளூ காய்ச்சல் வந்து, மடத்துல தங்கிப் படிக்கிற பிள்ளைங்க வரிசையாப் படுத்துட்டாங்க. முத்திருளாண்டி கஞ்சி வாளியத் தூக்கினாரு. அவர் ஊட்டினாத்தான் அதுங்க வாயத் திறக்கும். சாமி வாளிய வாங்கி வச்சுட்டாரு. நீங்க தடுப்பூசி போட்டு ரெண்டு வாரம் போகட்டும், அதுவரைக்கும் ஊசி போட்டுக்கிட்ட நான் ஊட்டுறேன்னாரு.

பெரியவருக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. சின்ன வயசுல ஊரோட படுத்து எந்திரிச்ச உடம்பு இது, மழைக்கு மழை பிள்ளைங்கதான் விழுது, நான் விழுந்தேனான்னு கேட்டாரு.

"நான் பார்க்காத காய்ச்சலா, சாமி?"

சாமி அவர வாசலுக்குக் கூட்டிட்டுப் போனாரு.

வாசல்ல மடத்துக் கிழநாய் செவலை. அது குட்டியா இருந்தப்ப நாய் பிடிக்க வந்து அத அடிச்சவன் காக்கி போட்டிருந்தான். அதுலேருந்து காக்கியக் கண்டா விடாது. தபால்காரர் இன்னைக்கும் தெருவுல நின்னுதான் கூப்பிடுவாரு.

சாமி ஒரு காக்கிச் சட்டையக் கொடியில போட்டாரு. வெறும் சட்டையப் பார்த்துச் செவலை தொண்டை கட்டுற வரைக்கும் குரைச்சுச்சு. பழச மறக்கலையேன்னு முத்திருளாண்டிக்கு ஏகப் பெருமை.

கூரை வேலைக்குப் புதுசா வந்த ஆளு, நீல லுங்கி. சாமி சொல்லிவச்சபடி அவர் கஞ்சி வாளியத் திருடுற மாதிரி தூக்கிட்டு வாசலத் தாண்டிப் போனாரு. செவலை ஒத்தக் கண்ணத் திறந்து பார்த்து, வால ஆட்டுச்சு. பக்கத்துல கிடந்த நாய்க்குட்டி அவர் கால நக்கிக்கிட்டே கூடப் போச்சு.

"குட்டி இன்னும் யாருகிட்டயும் அடி வாங்கல," ன்னாரு சாமி.

"செவலை வாங்கியிருக்கே?"

"காக்கிகிட்ட வாங்குச்சு. காய்ச்சலும் ஒரு திருடன், வருஷா வருஷம் சட்டை மாத்துறான், பெரியவரே."

மத்தியானம் நர்ஸம்மா ஊசியோட வந்தாங்க. முத்திருளாண்டி கைய நீட்டல.

"அந்த ஊசிக்குள்ள என்னதான் இருக்கு?"

"இந்த வருஷத்துச் சட்டை. உள்ள ஆள் கிடையாது," ன்னாரு சாமி.

பெரியவர் கொடியில கிடந்த காக்கிச் சட்டையப் பார்த்தாரு. அப்புறம் மெல்ல, தன் சட்டைக் கைய மடிச்சு விட்டாரு.

"இதப் போட்டா காய்ச்சலே அண்டாதா, சாமி?"

"செவலைக்குப் பாதிப் பல்லு இல்ல. கடிக்கும்னு நான் சொல்லல. நேரத்துக்குக் குரைச்சா, வீட்டுல உள்ளவங்க முழிச்சுக்குவாங்கல்ல?"