நிரவும் பலகை

மழை பொய்த்த வருஷம். மலையடிவாரத்து மடத்தில் நெல்லும் குறைந்துவிட்டது, பேச்சும் குறைந்துவிட்டது.

அங்கே பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் நல்லசிவம். மடத்துக் குருவிடம் பதினாறு வருஷம் படித்தவன். ஒருநாள் காலையில் அவன் குருவின் முன்னால் வந்து நின்றான்.

“சாமி, வீராயியை அவ அப்பன்கூட அனுப்பிடலாம்னு இருக்கேன். சொல்லி விட்டிருந்தேன். அவனும் வந்து வாசல்ல நிக்கிறான்.”

வீராயிக்கு ஏழு வயது. அப்பன் கருவேலங்காட்டில் கரிமூட்டம் போடுகிறவன். மூத்த மகளுக்கு மூட்டப் புகையிலேயே இரண்டு கண்ணும் போய்விட்டது. “இவளாவது புகையில நிக்காம இருக்கட்டும் சாமி” என்று போன தை மாதம் இவளைக் கொண்டுவந்து விட்டுப் போனான்.

“என்ன குறை?” என்றார் குரு.

“ஒரு வருஷமாச்சு. ஒண்ணுமே வரலை. மத்த பிள்ளைங்க பாட்டுப் படிக்குதுங்க. இவ இன்னும் முதல் எழுத்துலயே நிக்கிறா. நானும் எவ்வளவோ பார்த்துட்டேன்.”

“நேத்து என்ன எழுதினா?”

“தப்பா எழுதினா.”

“தப்புன்னு சொன்னது நீ. அவ என்ன எழுதினா?”

நல்லசிவம் யோசித்தான். “அழிச்சுட்டேனே, சாமி.”

“முந்தாநாள்?”

“அதையும்தான்.”

அந்த மடத்தில் ஒரு வழக்கம். பிள்ளைகள் மணலில்தான் விரலால் எழுதிப் பழக வேண்டும். தப்பெழுத்து மணலில் கிடந்தால் கலைமகள் முகம் சுளிப்பாளாம். அதனால் வாத்தியார் கையில் ஒரு சின்னப் பலகை இருக்கும். தப்பு விழுந்ததும் அதை வைத்து மணலை நிரவிவிட வேண்டும். கலைமகள் முகம் சுளித்ததை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் பலகை மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்துகொண்டிருந்தது. நல்லசிவம் அதில் மகா கெட்டிக்காரன். பிள்ளையின் விரல் மணலைவிட்டு எழும்புமுன் பலகை அங்கே வந்துவிடும். அந்த வேகத்தில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

குரு கையை நீட்டினார். “பலகையைக் கொடுத்துட்டுப் போ. இன்னைக்கு ஒரு பாடம் நடத்து. அவ என்ன எழுதுறான்னு பார்த்து வந்து சொல்லு. அனுப்புறதை அப்புறம் பேசுவோம்.”

வீராயி துணிமூட்டையை மடியில் வைத்துக்கொண்டு மணலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நல்லசிவம் வெறுங்கையோடு எதிரில் உட்கார்ந்தான்.

“எழுதும்மா” என்றான். ஒரு வருஷத்தில் அவன் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மெதுவாக எழுதினாள். எழுதி முடித்த மறுகணம், அவன் குனிந்து பார்ப்பதற்குள், தன் உள்ளங்கையாலேயே மணலைத் தேய்த்துவிட்டாள். ஒரு கோடு மிச்சமில்லை.

“ஏம்மா அழிச்ச? நான் பார்க்கவே இல்லையே!”

“தப்பாத்தான் இருக்கும் சாமி.”

“இன்னொரு தடவை எழுது. நான் தொடமாட்டேன்.”

எழுதினாள். அதையும் அழித்தாள். மூன்றாம் தடவை விரலை வைக்கவே இல்லை. மூட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் அப்பனின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

நல்லசிவம் பின்னாலேயே ஓடினான். “இருக்கட்டும்ப்பா. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.”

அப்பன் மகளைப் பார்த்தான்.

“நான் மூட்டத்துக்கே வரேம்ப்பா” என்றாள் அவள்.

கரி ஏறிய கைகளைக் கூப்பினான் அவன். “வேணாம் சாமி. நீங்க குறை வச்சீங்கன்னு சொல்ல மாட்டேன். எங்க மண்டையில அவ்வளவுதான் ஏறும்.”

இருவரும் காட்டுப் பாதையில் இறங்கிப் போனார்கள்.

நல்லசிவம் குருவிடம் வந்து நடந்ததையெல்லாம் சொன்னான்.

“நான் அழிக்கலை சாமி. பலகைகூட என் கையில இல்லை. அவளேதான் அழிச்சா. எவ்வளவு வேகமா, எவ்வளவு சுத்தமா அழிச்சா தெரியுமா?”

குரு பலகையை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“ஒரு வருஷத்துல ஒண்ணுமே வரலைன்னியே” என்றார்.