ஏழுவாசல் பெறுமா

பொங்கலன்று காலையில் வெள்ளியங்கிரி ஒரு கையில் பொங்கல் நிறைத்த தூக்குப்போசியும் நெஞ்சுக்குள் ஒரு கேள்வியுமாக மடத்துக்குப் போனான்.

மடம் என்றதும் கோபுரம் குளம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பைபாஸ் ரோட்டோரம் தகரம் போட்ட ஒரே கொட்டகை. அங்கே இருப்பவரை ஊரில் லாரி சாமி என்பார்கள். பதினைந்து வருஷம் லாரி ஓட்டியவர். ஒருநாள் அந்த இடத்தில் டீ குடிக்க இறங்கினார், திரும்ப ஏறவில்லை. வெள்ளியங்கிரிக்கு நாற்பத்தெட்டு வயது. சாமி அவனுக்கு ஏழெட்டு வயது இளையவர். வழி தெரிந்தவர் முன்னால் போகட்டும், இதில் வயதென்ன என்று அவன் பின்னால் நடந்துகொண்டிருந்தான்.

சாமி பொங்கலை இலையில் வாங்கி ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

"அம்மிணி வெச்சதா?"

"ஆமாங்க சாமி."

"முந்திரிய எண்ணிப் போட்டது நீயா?"

வெள்ளியங்கிரி தலையைச் சொறிந்தான்.

"சரி, கேளு. வந்ததுலிருந்து எதையோ வாயில அதக்கிட்டே இருக்கறே."

"மலையடிவாரத்துல ஏழுவாசல் அரண்மனைன்னு ஒண்ணு தொறந்திருக்காங்க சாமி. அந்தக் காலத்து ஜமீனு வீடாம். ஆளுக்கு அறுநூறு ரூபா டிக்கெட்டு. காணும் பொங்கலுக்கு அங்க போலாம்கறா பூவாத்தா. மில்லு பஸ்ஸு நிக்கற எடத்துல அதோட போர்டு இருக்குதுங்க. ரெண்டு வருஷமா அதைப் பார்த்துட்டேதான் வேலைக்குப் போறா. அந்த எடம் அவ்வளவு பெறுமுங்களா?"

"பெறுமா பெறாதான்னு சொல்ல நான் என்ன யாவாரியா?"

வெள்ளியங்கிரி விடவில்லை. விடவும் முடியாது. அவனும் பெண்டாட்டி பூவாத்தாளும் ஒரே நூல்மில்தான், ஆனால் அவனுக்கு ராத்திரி ஷிப்டு, அவளுக்குப் பகல் ஷிப்டு. அவன் மில் பஸ்ஸிலிருந்து இறங்குவான், அவள் அதே பஸ்ஸில் ஏறுவாள். படிக்கட்டில் வைத்துத்தான் குடித்தனம். "சோறு அடுப்பு மேல." "கேஸு தீர்ந்துருச்சு." அவ்வளவுக்குத்தான் டிரைவர் நேரம் கொடுப்பார். வருஷத்தில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு என்றால் இந்தப் பொங்கல் மூன்று நாள்தான். முதல் இரண்டு நாள் சொந்தக்காரர்களோடு போய்விடும். காணும் பொங்கல் ஒன்றுதான் அவர்களுக்கு என்று மிஞ்சும்.

அதையும் ஒருமுறை வீணடித்தவன் அவன். ஊட்டிக்குப் போய், படகு டிக்கெட்டு அநியாயம் என்று கவுண்டரில் சண்டை பிடித்தான். கடைசியில் கரையில் உட்கார்ந்து ஊரார் படகு விடுவதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பூவாத்தாள் ஒரு கட்டு கேரட் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வருகிற வழியெல்லாம் தின்றுகொண்டே வந்தாள். அந்தக் கேரட் கடிபடும் சத்தம் அவன் காதில் இன்னும் இருக்கிறது.

"இந்தத் தடவையும் தப்பிப்போச்சுன்னா எனக்கு மன்னிப்பே இல்லீங்க சாமி. நீங்களே ஒரு வார்த்தை சொல்லீருங்க."

சாமி இலையை மடித்தார்.

"நாளைக்கு மாட்டுப் பொங்கல். உங்கிட்ட மாடு இருக்குதா?"

"இல்லீங்க."

"கன்னு?"

"இல்லீங்க."

"அப்ப சொந்தக்காரன் வீட்டுக்கு மத்தியானச் சோத்துக்குப் போகாட்டி ஒண்ணும் ஆயிராது. அந்த அரண்மனைக்குப் போ. உள்ள போகாத. சனம் வெளிய வர்ற வாசல்ல நின்னுக்கோ. வர்றவங்களைக் கேளு."

"பெறுமான்னுங்களா?"

"உனக்கு என்ன கேக்கோணுமோ அதைக் கேளு. அம்மிணியவும் கூட்டிட்டுப் போ."

மறுநாள் பத்து மணிக்கு இருவரும் அரண்மனையின் வெளிவாசலில் நின்றார்கள். பூவாத்தாள் கல்யாணச் சேலை கட்டியிருந்தாள். "உள்ள போகப்போறதில்ல, இதுக்கு எதுக்கு இந்தச் சேலை?" என்றான். "வாசல் வரைக்கும் வந்துட்டமில்லீங்க மாமா" என்றாள்.

முதலில் வந்தவர் தொப்பையும் தோள்பையுமாக இருந்தார்.

"ஏனுங்க, அறுநூறு பெறுமுங்களா?"

"காசுக்குப் புடிச்ச கேடு. ஒரு எடத்துலயும் பேன் இல்ல."

அடுத்தது ஒரு புதுமாப்பிள்ளை. "பெறும்ணா" என்றான். அவன் பெண்டாட்டி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "ஒரு தடவைக்குப் பெறும்ணா" என்று மாற்றிக்கொண்டான்.

ஒரு அம்மாள் பெறாது என்றாள். உள்ளே காபி நாற்பது ரூபாயாம். அவள் கூட வந்த நாத்தனார், காபிக்கே நாற்பது கொடுக்கலாம், அப்படி மணக்கிறது என்றாள். அந்த வாசலிலேயே இருவருக்கும் வாய்த்தகராறு ஆகிவிட்டது.

வெள்ளியங்கிரி விரல் மடக்கிக்கொண்டே நின்றான். வலது கையில் பெறும், இடது கையில் பெறாது. மத்தியானத்துக்குள் கால்விரலும் வேண்டும்போல் ஆயிற்று.

வாசல் காவல்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்திப் போட்டார். "உக்காருங்க. எலெக்சனுக்குக்கூட இப்படி யாரும் கேட்டதில்ல." உட்கார்ந்தால் ஆள் தவறிவிடும் என்று அவன் நின்றபடியே இருந்தான்.

திரும்பிப் பார்த்தால் பூவாத்தாளைக் காணோம். வேப்பமரத்தடியில் ஒரு கரூர்க்காரக் குடும்பத்தோடு உட்கார்ந்து அவர்கள் கட்டுச்சோற்றைத் தின்றுகொண்டிருந்தாள். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அக்கா, உள்ள என்னக்கா இருக்குது?" என்று. அந்தக் கரூர் அக்கா கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கல்லூரிப் பெண், பிறகு தாராபுரத்துப் பெரியவர், பிறகு வாய் ஓயாத ஒரு சின்னக்குட்டி. யார் வந்தாலும் அவளிடம் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போனார்கள்.

வெயில் சாய்கிறபோது இருவரும் நேரே மடத்துக்கு வந்தார்கள்.

"என்னாச்சு?" என்றார் சாமி.

"இருபத்தேழு பேரு பெறும்னாங்க. இருபத்தாறு பேரு பெறாதுன்னாங்க. ஒருத்தர் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டாருங்க. என்னால முடிவு பண்ண முடியல சாமி. தலைவலிதான் மிச்சம்."

"அம்மிணி?"

பூவாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மொத வாசல்ல யானை போகுங்க சாமி. ரெண்டாவதுல குதிரை. மூணாவதுல பல்லக்கு. அப்படியே கொறஞ்சுட்டே போகுதுங்க. ஆறாவது வாசல்ல ராசாவே குனிஞ்சுதான் போகோணும். ஏழாவது இத்துனூண்டு. அதுல பூனை மட்டுந்தான் போகுமாம். ராணி தன்னோட பூனைக்குன்னே கட்டச் சொன்னாளாம்."

சாமி சிரித்தார்.

"சமையக்கட்டுச் செவுத்துல வரிசையா கை அச்சுங்க. அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவளுக எல்லாரும் வந்தன்னிக்கே மாவுல கையத் தொட்டு வெச்சதாம். பதினோரு கை. அதுல ஏழாவது கை கரூர் அக்கா கைக்கு அச்சா பொருந்திச்சாம். அதைச் சொல்றப்பவே அவுங்களுக்குக் குரல் ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. கெணறு ஒண்ணு வீட்டுக்குள்ளயே இருக்குதாம். எட்டிப் பார்த்தா ஆகாசந்தான் தெரியுமாம், தண்ணி தெரியாதாம்."

வெள்ளியங்கிரி அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இவள் இத்தனை பேசுவாள் என்று பஸ் படிக்கட்டில் நின்றவனுக்கு எப்படித் தெரியும்.

"மாமா மேல ஒரு கொறையும் இல்லீங்க சாமி" என்றாள் அவள். "காலைலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் ஒரே எடத்துல ரெண்டு பேரும் இருந்தமுங்க. இவரு கைய மடக்கறதும் விரிக்கறதுமா நின்னாரு. நான் அப்பப்ப எட்டிப் பார்த்துக்குவேன். காலு வலிச்சிருக்கும், ஆனா அசையாம நின்னாரு. எனக்காகத்தானுங்களே. உங்களுக்குத்தான் கும்புடு போடோணும்." விழுந்து கும்பிட்டாள். "நாளைக்குப் போகாட்டியும் பரவால்லீங்க. எனக்குப் பார்த்த மாதிரியேதான் இருக்குது."

வெள்ளியங்கிரிக்கு முகம் தெளிந்தது. தெளிந்த முகத்தில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

"அப்ப டிக்கெட்டு எடுக்க வேண்டாமுங்களா சாமி?"

"ரெண்டு எடு."

"அவதான் பார்த்தாச்சுங்கறாளே."

"அவ பார்த்துட்டா. நீ எங்க பார்த்தே?"

வெள்ளியங்கிரி யோசித்தான்.

"அப்படீன்னா எனக்கு ஒண்ணு எடுத்தாப் போதுமில்லீங்களா?"

"ரெண்டு எடு வெள்ளியங்கிரி" என்றார் சாமி. "நீ தனியா உள்ள போனா பேன் இருக்குதா இல்லையான்னு பார்த்துட்டு வந்துருவே. அம்மிணி கூட வந்து உனக்குக் காட்டட்டும்."