முதல் டங் முகவரி

எங்கள் சொன்னபடியூரில் எதைச் சொன்னாலும் சொன்னபடி செய்துவிடுவார்கள். அதனால் வெளியூர்க்காரர்கள் எங்களிடம் வாய் திறக்கவே பயப்படுவார்கள்.

மங்கையர்க்கரசி பள்ளிக்கூடத்தை விட்டதும் அப்படித்தான். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் ஏதோ கோபத்தில், "நாளையிலேர்ந்து இந்த வாசப்படியை மிதிக்காதே" என்றார். மங்கை மிதிக்கவில்லை. மிதிக்காமல் தாண்டிக் குதித்துப் போயிருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியபோது வயது நாற்பத்தேழு. அதற்குள் மாவு மில்லுக்கு மேலே இருந்த ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டீ போடும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கீழே மில்லில் மாவு அரைப்பவர் அவளுடைய வீட்டுக்காரர். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவள் இதைப் படித்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

மங்கைக்கு ஒரு கவலைதான், ஆனால் அது நாள் முழுக்க இருக்கும். கேஸ் அடுப்பை அணைத்தோமா, இல்லையா? வீட்டைப் பூட்டுவாள், தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து பார்ப்பாள். அணைந்துதான் இருக்கும். பார்க்கும்போது கைபட்டுத் திறந்திருக்குமோ என்று மறுபடியும் வருவாள்.

இந்தக் கம்பெனிக்குப் பட்டணத்திலிருந்து இம்மானுவேல் என்பவர் ஒரு வேலை கொடுத்தார். செய்தி அனுப்பும் லைப்ரரி ஒன்று வேண்டும். லைப்ரரி என்றால், மற்ற கம்பெனிக்காரர்கள் தங்கள் மென்பொருளுக்குள் வைத்துத் தைத்துக்கொள்ளும் ஒரு துண்டு. அதில் முகவரியை எப்படி எழுதுவது என்பதுதான் வேலையே. அவர் அனுப்பிய தாளில் இப்படி இருந்தது: அனுப்புகிறவர் பெறுகிறவரை எப்படிக் கூப்பிடுவாரோ, அதுவே முகவரி. ஒரே முகவரியை இரண்டு தடவை பதியக் கூடாது. படிக்காத ஒருவரை வைத்துச் சோதிக்க வேண்டும். சோதனை முடியும்வரை யாரும் இடத்தை விட்டு எழக் கூடாது. அனுப்பும் செய்தியை வாயாலும் சொல்லக் கூடாது.

மூன்றாவது வரியைப் படித்ததும் எல்லோரும் மங்கையைப் பார்த்தார்கள். அவள் டீ கிளாஸை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதலாளி பூவராகனும் நிரல் எழுதும் ஏகாம்பரமும் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். உங்க வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவீங்க என்று கேட்டதற்கு நூற்றுத் தொண்ணூறு பெண்கள் "ஏங்க" என்றார்கள். ஒரே முகவரியை இரண்டு தடவை பதியக் கூடாது என்று சொல்லியிருக்கிறதே. பூவராகன் "ஏங்க" என்று ஒரு தடவை மட்டும் எழுதி, நூற்றுத் தொண்ணூறு ஆண்களையும் அதற்கு எதிரே போட்டார். அனுப்புகிறவர் யார் என்ற கட்டத்துக்கும் கேட்டார்கள். கதவுக்குள்ளிருந்து எல்லாப் பெண்களும் "நான்தான்" என்றார்கள். அதையும் ஒரு தடவை எழுதிக்கொண்டார்கள். வேலை மளமளவென்று முடிந்தது.

மங்கையிடம் வந்தபோதுதான் சிக்கல். அவள் "ஏங்க" என்றுகூடக் கூப்பிட்டதில்லை. கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுவாள். இரண்டு தட்டினால் சாப்பாடு ரெடி. மூன்று தட்டினால் விருந்தாளி வந்திருக்கிறார். இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டில் அப்படித்தான் குடும்பம் நடக்கிறது.

இதைப் பற்றி ஒரு பகல் முழுக்க ஆலோசனை நடந்தது.

"அப்ப மில்லு அண்ணனோட முகவரி ரெண்டு டங்கா, மூணு டங்கா?" என்று கேட்டான் ஏகாம்பரம்.

"மூணுன்னு வைப்போம்," என்றார் பூவராகன். "ரெண்டு அதுக்குள்ளேயே அடங்கிடும்."

"அப்படி வச்சா, சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போதெல்லாம் கூடவே விருந்தாளியும் வருவாருங்களே. யாரு சமைக்கிறது?" என்றாள் மங்கை.

மூவரும் கவலையோடு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் மங்கைக்கே விடை பிடிபட்டது. "முதல் டங் அவருங்க. அதுக்கப்புறம் வர்ற டங்தான் சேதி."

பூவராகன் எழுந்து நின்று கும்பிட்டார். ஏகாம்பரம் அப்படியே எழுதினான். மங்கையின் வீட்டுக்காரர் போனில், முகவரிக்கு ஒரு டங், செய்திக்கு ஒரு டங் அடிக்கும்படி வைத்துக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இம்மானுவேல் வந்தார். உட்காருமுன்பே, உங்க வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க என்று ஏகாம்பரம் கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே, "ஏங்கன்னுதான்" என்றார். ஏகாம்பரம் அவர் நம்பரை வாங்கி அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டான்.

"அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு ஏதாவது அனுப்புங்க," என்றார் இம்மானுவேல்.

மங்கை விசைப்பலகையில் கை வைத்தாள். அந்த நிமிஷம் பார்த்து அந்தக் கவலை வந்தது. காலையில் அடுப்பில் பால் வைத்தாள். அணைத்தாளா? இரண்டு தடவை திரும்பிப் போய்ப் பார்த்தது நினைவிருக்கிறது. ஆனால் அது இன்றைக்கா, நேற்றைக்கா? வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஓடிப் போகலாமென்றால் எழக் கூடாது. கீழே பார்த்துக் கத்தலாமென்றால் வாயால் சொல்லக் கூடாது.

"டங்" என்று முகவரி போட்டு, "அடுப்பை அணைச்சிருங்க" என்று அனுப்பினாள். போகுமோ, போகாதோ என்று மனசு அடித்துக்கொண்டது. எதற்கும் இருக்கட்டும் என்று "ஏங்க" என்ற முகவரிக்கும் அதையே தட்டிவிட்டாள்.

பிறகு ஜன்னல் வழியே பார்த்தாள். சலூனிலிருந்து ஒருவர் பாதி மீசையோடு ஓடினார். அவர் பின்னாலேயே கத்தியோடு சலூன்காரரும் ஓடினார், அவருக்கும் கல்யாணமாகியிருந்தது. மண்டபத்துச் சமையல்காரர் போனைப் பார்த்தார். அனுப்பியவர்: நான்தான். கொதித்துக்கொண்டிருந்த சாம்பாருக்கு அடியில் அடுப்பை அணைத்தார். எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டுக்கும் ஓடினார்.

இம்மானுவேலின் பையிலும் போன் முனகியது. எடுத்துப் பார்த்தவர் முகம் வெளுத்தது. மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார். காலையில் இவரேதான் டீ போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார். "நான் வந்து சொல்ற வரைக்கும் யாரும் எழுந்திரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, பட்டணம் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

மூவரும் எழுந்திரிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மங்கையின் வீட்டுக்காரர் மாவுத் தலையோடு மாடியேறி வந்தார்.

"ரெண்டு டங் அடிச்சியே, சாப்பாடு ரெடியாக்கும்னு போனேன்," என்றார். போனை அவர் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. "போய்ப் பாத்தா அடுப்பு அணைஞ்சு கிடக்கு. அப்புறம் எப்படிச் சாப்பாடு ஆகும்? பால் பாத்திரம் இருந்துச்சு. பத்த வச்சிட்டு வந்திருக்கேன். ஆனதும் தட்டு."

அப்போது சொன்னபடியூர் முழுவதும் எரிந்துகொண்டிருந்த ஒரே அடுப்பு மங்கையுடையதுதான்.

அவள் வாயைத் திறந்தாள், பூவராகன் விரலை உதட்டில் வைத்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு விசைப்பலகையை இழுத்தாள். முன்பு அனுப்பியதையே எழுத்துப் பிசகாமல் மறுபடி தட்டினாள். ஒரு முழம் தள்ளி, வீட்டுக்காரரின் சட்டைப் பையில் போன் டங், டங் என்றது.

"அட, அதுக்குள்ள ஆயிடுச்சே," என்று சந்தோஷமாகப் படியிறங்கிப் போனார்.

கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். முகம் வாடியிருந்தது.

"பால் பொங்கி வழிஞ்சதுதான் மிச்சம். சாப்பாடு இன்னும் ஆகலை. தீ போதலைபோல. நல்லாக் கூட்டி வச்சிட்டு வந்திருக்கேன்."

பூவராகன் நோட்டைத் திறந்து எழுதினார்: 'இரண்டு முறை சோதித்தோம். இரண்டு முறையும் சரியான ஆளுக்கே போய்ச் சேர்ந்தது. முகவரியில் ஒரு குறையும் இல்லை.' பிறகு மங்கையைப் பார்த்து, எதற்கும் இன்னொரு தடவை அனுப்பிப் பார்த்துவிடலாம் என்று சைகை காட்டினார்.